சேர்த்துப் போட்ட கணக்கு

"வடிவு, ஒரு கையெழுத்து போடணும், இங்க வா" என்று அவர் ஹாலிலிருந்து கூப்பிட்டபோது வாணலியில் தோல் உளுந்து அப்போதுதான் மணம் விட ஆரம்பித்திருந்தது. அடுப்புல இருக்கு, இப்ப வாரேன் என்றேன். உளுந்தை அந்தப் பதத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு பக்கம் கறுகி ஒரு பக்கம் பச்சையாக நிற்கும், அப்புறம் உளுந்தஞ்சோறு முழுக்கக் கசக்கும். சனிக்கிழமை காலை. மே மாதம் பிறந்தும் இந்த ஒஹையோவில் ஜன்னல் கண்ணாடி குளிர்ந்துதான் கிடக்கிறது. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடைதான். நான் அவரைப் பார்க்கலாம், அவர் நிமிர்ந்தால் என்னைப் பார்க்கலாம். நிமிரவில்லை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பும், கம்பெனி கொடுத்த சம்பளத் தாளும், ஆறிப்போன காபியும். காலடியில் மகள் ஆத்மிகா கார்ப்பெட்டில் குப்புறப் படுத்து யானைப் படத்துக்குப் பச்சை அடிக்கிறாள். கையெழுத்து எதற்கு என்று எனக்குத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்த்துப் போடுகிற வரிக்கணக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். போட்டால் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரி சில வாரத்தில் வங்கிக்குத் திரும்பி வரும். அதோடு, போன வருஷம் ஊரடங்கிய நேரத்தில் சர்க்கார் எல்லார் வீட்டுக்கும் அனுப்பி எங்கள் வீட்டுக்கு மட்டும் அனுப்பாமல் விட்ட நிவாரணப் பணமும், இப்போது சட்டத்தை மாற்றிவிட்டதால், சேர்ந்து வரும். அவருக்கு ஒரு பங்கு. ஆத்மிகாவுக்கு ஒரு பங்கு. எனக்கு இல்லை. எனக்கு இல்லாத பணத்தை வரவழைக்க என் கையெழுத்து வேண்டும். உளுந்தைக் கிளறினேன். தீயைக் குறைத்தேன். இங்கே தீ இல்லை, கண்ணாடிக்கு அடியில் சிவப்பாக ஒரு வட்டம், ஒன்பது வருஷமாகியும் அதைத் தீ என்றுதான் மனசு சொல்லுகிறது.

போன வருஷம் ஏப்ரலில் ஒவ்வொரு நாளும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பார். யாரும் மனு எழுத வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், போன தடவை வரியைத் திருப்பி எந்தக் கணக்குக்கு அனுப்பினார்களோ அந்தக் கணக்கிலேயே ராத்திரியோடு ராத்திரியாக வந்து விழுந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மாடி வீட்டுப் பிரேமலதாவுக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு கிரீன் கார்டு உண்டு. அவள் போனில், ஏதோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி, காலைல எந்திரிச்சுப் பாத்தா வந்து கெடக்கு வடிவு, ஒங்களுக்கும் வந்திருக்கும் பாரு என்றாள். அந்தப் பணத்தில் அவர்கள் ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கினார்கள், அதைத் தூக்கிக்கொண்டு போன ஆட்கள் எங்கள் கதவை இடித்துக்கொண்டு போனார்கள், கதவில் வடு இன்னும் இருக்கிறது. எங்களுக்கு வரவில்லை. சர்க்கார் இணையதளத்தில் பேரையும் எண்ணையும் போட்டால் உங்கள் நிலவரம் இப்போது இல்லை என்று ஒரே வரி. நிலவரம் இல்லை. அந்த ஒரு வரியை அவர் தினமும் வாசித்தார். அப்போது கம்பெனியில் சம்பளத்தைப் பாதியாக்கி வைத்திருந்தார்கள். வேலை போனால் விசாவும் போகும், ரெண்டு மாசத்தில் மூட்டை கட்ட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதைப்பற்றி நாங்கள் பேசவே மாட்டோம். நான் அரிசி களைவேன், அவர் திரையைப் பார்ப்பார். பயந்த மனுஷனைக் குற்றம் சொல்லக் கூடாது. அப்புறம் ஒரு நாள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதிவிட்டார்கள். சேர்த்துக் கணக்கு போட்ட தம்பதியில் ஒருத்தருக்கு, இங்கே வேலை பார்க்க உரிமை உள்ளவர்களுக்குக் கொடுக்கிற சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்றாலும் போச்சு, மொத்தக் குடும்பத்துக்கும் கிடையாது, இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் கிடையாது. வாசித்துவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பஸ் தவறிப்போனதற்கு யார் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி பார்த்தார்.

"உன்னச் சேத்துப் போட்டதுனாலதான் எங்க ரெண்டு பேருக்கும் வரல."

எங்க ரெண்டு பேருக்கும். வீட்டில் மூன்று பேர். தமிழில் நாம் என்று ஒரு சொல் இருக்கிறது, நாங்கள் என்று ஒரு சொல் இருக்கிறது, என்னை உள்ளே வைப்பதற்கும் வெளியே நிறுத்துவதற்கும் தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிற பாஷை, அதில் அவர் பார்த்துத்தான் எடுத்தாரா, வாய்தவறி வந்ததா. வாய்தவறித்தான். வாய்தவறி வருவதுதான் உள்ளே இருப்பது என்று அம்மா சொல்லுவாள். சேத்துப் போட்டதுனால. சேர்த்தது யார். நெல்லையப்பர் சந்நிதியில் மூன்று முடிச்சுப் போட்டுச் சேர்த்தது அவர்தான், ரிஜிஸ்டர் ஆபீசில் என் பேருக்குப் பக்கத்தில் காந்திமதிநாதன் என்று கோணலில்லாமல் எழுதிச் சேர்த்ததும் அவர்தான். அதைவிடுங்கள், வருஷா வருஷம் கணக்கில் சேர்த்ததும் அவர்தானே. பெண்டாட்டியைச் சேர்த்துக் காட்டினால் வருமானத்தில் வரி கிடையாது என்று தள்ளுகிற தொகை ரெட்டிப்பாகும். அதற்குக் கழிவு என்று பேர். அத்தனை வருஷமும் நான் அந்தக் கழிவாக இருந்தேன். என்னைக் காட்டி, என்னால் கழித்து, திரும்பி வந்த பணத்தில்தான் கார் முன்பணம் போட்டோம், அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு மாலை மாற்றுகிற செலவு செய்தோம். அப்போதெல்லாம் உன்னாலதான் வந்துச்சு வடிவு என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வராமல் போனபோது உன்னால என்று கேட்ட பிறகுதான் வந்ததையெல்லாம் எண்ணிப் பார்க்கத் தோன்றியது. உளுந்து சிவந்துவிட்டது. தட்டில் கொட்டினேன். மேலே கூரையில் புகையை மோப்பம் பிடிக்கிற அந்த வெள்ளை வட்டம் சும்மா இருந்தது.

எனக்கும் ஒரு எண் இருக்கிறது. அதை எண் என்று சொல்லக்கூடாது போலிருக்கிறது. வந்த புதிதில் அதற்காகப் பாஸ்போர்ட்டை அசலாகத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டு வாரக்கணக்காக நான் யார் என்பதற்கு ஒரு தாள்கூடக் கையில் இல்லாமல் இந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன், அடுத்த தெருவுக்குப் போகக்கூடப் பயம். ஒன்பதில் ஆரம்பிக்கிற எண்ணாக ஒன்று வந்தது. கூடவே இதை வைத்து வேலை பார்க்க உரிமை கிடையாது என்று ஒரு வாசகம். வரிக்கணக்கில் ஒருத்தனோடு சேர்த்துக் காட்டப்படுவதற்கு மட்டும் ஆகிற எண். ஆத்மிகாவுக்கு அப்படியில்லை. பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் வந்து, பிள்ளைக்கு சோஷியல் வேணுமா என்று, பால் வேணுமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். பிள்ளைக்குத் தலை நிற்பதற்கு முன்னால் அட்டை தபாலில் வந்துவிட்டது. அதை என் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன், பிள்ளையும் மடியில், அட்டையும் மடியில். எனக்குள்ளிருந்து வந்தவளுக்கு இந்த ஊரில் கணக்கு உண்டு, எனக்கு இல்லை. பொறாமை என்று சொன்னால் பாவம். பாளையங்கோட்டையில் எனக்கு பான் கார்டு இருந்தது, பி.எஃப். இருந்தது. காலேஜில் கெமிஸ்ட்ரி லெக்சரர், பிப்ரவரி சம்பளத்தில் வரி பிடித்துவிடுவார்கள், எல்லாரும் முணுமுணுப்பார்கள், எனக்கு உள்ளூரப் பெருமை. முதல் வருஷம் கூடுதலாகப் பிடித்தது செக்காகத் திரும்பி வந்தது, ரெஜிஸ்டர் தபாலில், சண்முகவடிவு என்று என் பேருக்கு. அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தா, அவர் சம்பளத்தில் பிடித்த வரி ஒன்றும் திரும்பி வந்ததில்லை. "உண்டியல்ல போட்டது திரும்பி வந்த மாதிரில்லா இருக்கு" என்றார். நான் சிரித்தேன். இந்தப் பணத்துல அப்பாக்கு ஒரு வேட்டி என்றேன், வேண்டாம்ட்டி, ஒனக்குன்னு எதாவது வாங்கு, ஒம் பேருக்கு வந்ததுல்லா என்றார். ஒம் பேருக்கு.

அப்பா இப்போது தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மூக்கில் குழாய். முந்தாநாள் தம்பி தளவாய் கூப்பிட்டான். காய்ச்சல்தான்க்கா, கொஞ்சம் மூச்சு வாங்குது, ஆக்சிஜன் வச்சிருக்காங்க என்று அவன் சொன்ன தினுசிலேயே தெரிந்தது, சொல்லாதது நிறைய இருக்கிறது என்று. பெரியாஸ்பத்திரியில் படுக்கை இல்லை, வாசலிலேயே ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்றான். இங்கே சேர்க்க முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், ஊசிக்கு வெளியே அலைய வேண்டியிருக்கிறது, நான் பாத்துக்கிடுதேன் நீ மனசப் போட்டு ஒழப்பாத என்றான். பாத்துக்கிடுதேன் என்றால் எங்கிருந்து பார்ப்பான். அவன் செல்போன் கடை போன வருஷமே பாதி நாள் பூட்டிக் கிடந்தது. இந்த வருஷமும் பூட்டு. நான் போக முடியாது. போனால் விசா முத்திரை குத்த ஆள் இல்லை, தூதரகம் பூட்டு, திரும்பி எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆத்மிகாவை விட்டுவிட்டும் போக முடியாது, கூட்டிக்கொண்டு அந்த நோய்க்குள்ளும் போக முடியாது. வீடியோவில் அப்பாவைக் காட்டச் சொன்னேன். உள்ளே விடமாட்டாங்கக்கா என்றான். அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று நானே மூச்சை இழுத்துப் பார்த்தேன், நேற்று, குளிக்கும்போது, தண்ணீருக்கு அடியில் நின்று. அப்புறம் ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். எப்படிக் கேட்பது என்று பகல் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் ஒத்திகையில் இல்லாத மாதிரிக் கேட்டேன். ஏங்க, வரிப்பணம் வருதுல்லா, அதுல கொஞ்சம் அப்பாவுக்கு அனுப்புவமா. அவர் துண்டில் கை துடைத்தார். சிரித்தார்.

"அது எனக்கும் ஆத்மிக்கும் வர்ற பணம்லா? ஒன் பேர்ல ஒரு சல்லி இல்லையே."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். உடனே, பாப்போம், வரட்டும், வந்தப்பறம் பாப்போம் என்றும் சொன்னார். அதற்கப்புறம் அப்பாவுக்கு எப்படி இருக்கு என்றும் கேட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. குடிக்கிறவர், அடிக்கிறவர் என்றால் பிரேமலதாவிடம் சொல்லி அழலாம். இதை எப்படிச் சொல்லுவேன், என் வீட்டுக்காரர் ஒரு ஜோக் சொன்னார் என்றா. மாசம் பிறந்தால் அவர் அம்மாவுக்கு அனுப்புகிறார், நான்தான் ஞாபகப்படுத்துகிறேன். வந்தப்பறம் பாப்போம். வருவதற்குச் சில வாரம். அப்பாவின் நுரையீரலுக்கு அது தெரியுமா, வங்கியில் பணம் விழுகிற வரைக்கும் பொறு என்று யார் சொல்லுவது. வங்கியில் இப்போதும் பணம் இருக்கிறதே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது அவர் சம்பளம். அவர் சம்பளம் அவருடையது, நிவாரணம் அவருடையதும் பிள்ளையுடையதும், சமையல்கட்டு என்னுடையது. எள்ளை எடுத்தேன். துவையலுக்கு எள் வறுக்க வேண்டும், உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் இல்லாவிட்டால் அவருக்கு இறங்காது. கறுப்பு எள். டப்பாவைத் திறந்ததும் கை நின்றது. எள் எதற்கு ஆகும் என்று எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், எள்ளும் தண்ணீரும். சீ, துவையலுக்கு என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆத்மிகா நிமிர்ந்து பார்த்தாள். ஒண்ணுமில்ல, நீ கலர் அடி. எள்ளைப் போட்டதும் அது பொரிய ஆரம்பித்தது, ஒவ்வொன்றாக, சின்னச் சின்னதாக, வாணலியைவிட்டுத் துள்ளி அடுப்புக் கண்ணாடியில் விழுந்தது. இன்று காலை தளவாய் கூப்பிடவில்லை. அங்கே இப்போது சாயங்காலம். கூப்பிடாமல் இருந்தால் நல்லது என்று அர்த்தமா, கூப்பிட முடியாமல் இருக்கிறான் என்று அர்த்தமா. அப்பாவுக்கு எள்ளுத் துவையல் பிடிக்கும். பிடிக்கும் என்றுதான் நினைத்தேன், பிடித்தது என்று நினைக்கவில்லை. மனசு அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வருகிறது.

"வடிவு." ரெண்டாவது தடவை. குரலில் எரிச்சல் இல்லை, ஆனால் எரிச்சலுக்கு முந்தின படி. "அது டைம் அவுட் ஆயிரும், சீக்கிரம் வா." எள் அடுப்புல என்றேன். எள் வறுபட்டுவிட்டது, தட்டில் கொட்டியாகிவிட்டது, அடுப்பில் ஒன்றுமில்லை. எதற்குப் பொய் சொன்னேன். கையெழுத்து. அந்தச் சொல் வந்து மாட்டிக்கொண்டது. நான் போட்டால்தான் அது செல்லும். நான் போடாவிட்டால் அது போகாது, போகாவிட்டால் வராது, அவருக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் ஒரு காரியம் என் கையில் வந்து நிற்கிறது, நான் துவையலுக்குப் புளி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் எங்கெல்லாம் கையெழுத்துப் போட்டேன். விசாத் தாளில் அவரைச் சார்ந்தவள் என்று. வீட்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தவர் அவர், குடியிருப்பவள் நான். முதல் வருஷ வரிக்கணக்கில் அவர் காட்டிய இடத்தில் போட்டேன், மேலே தொழில் என்ற கட்டத்தில் ஹோம்மேக்கர் என்று அடித்திருந்தது, என்னைக் கேட்காமலே. பொய்யில்லை, வேறென்ன எழுதுவார். ஆனாலும் ஒரு நிமிஷம் பேனா நின்றது. எம்.ஃபில். படித்தவள், சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று நாற்பது பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவள். அவர் என்ன யோசிக்க என்றார், ஒண்ணுமில்ல என்று போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒண்ணுமில்ல என்று போட்டவள். இன்றைக்குப் போடாவிட்டால் என்ன. போடுதேன், ஆனா மொதல்ல அப்பாவுக்கு அனுப்பிட்டு வாங்க, அப்பறம் போடுதேன். இப்படிச் சொல்லலாம். ரொம்பக் கறாராக இருக்கிறது. ஏங்க, இப்பவே தளவாய்க்குக் கொஞ்சம் அனுப்பிருவமா, நீங்க அத அனுப்புங்க, நான் இதுல போட்டுருதேன். இது கெஞ்சல். கெஞ்சலுக்குள் பேரம் இருக்கிறது, அவருக்குப் புரியும், புரிந்தால் முகம் மாறும். கையெழுத்துக்கு விலையா வடிவு என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லுவேனா. விலை இருக்கிறது என்று சர்க்காரே சொல்லுகிறதே, நான் இல்லாமல் பணம் கிடையாது என்று. புருஷனிடம் பேரம் பேசுகிறவள் என்று நாளைக்கு அவர் அம்மாவிடம் சொல்லுவார், அவர் அம்மா ஊர் முழுக்கச் சொல்லுவாள். சொல்லட்டும். அப்பாவுக்கு மூச்சு வந்தால் போதும். மூச்சு ஒரு பக்கம், பேர் ஒரு பக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. யோசிக்கிறேனே. கால் நகரவில்லையே. பயம் எதற்கு, அவர் அடிக்கப் போகிறாரா. இல்லை. சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். போடாட்டி போ என்று சிரித்துவிட்டால் என் கையில் இருக்கிற அந்த ஒன்றும்கூட இல்லாமல் போய்விடும்.

கையைக் கழுவினேன். எள்ளின் எண்ணெய் விரலில் பிசுபிசுத்தது, சோப்புப் போட்டு மறுபடி கழுவினேன். முந்தானை இல்லாத உடுப்பு, சட்டையில் துடைத்தேன். பெரிய தீர்மானம் எடுக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும் என்பார்கள், எனக்குப் பசித்தது. மேடையைச் சுற்றி வந்தேன். ஆத்மிகாவின் கலர் பென்சிலை மிதித்துவிடாமல் தாண்டினேன். மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். "ஏங்க" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது, காலேஜில் வகுப்புக்குள் நுழையும்போது இருக்கிற குரல். அவர் நாற்காலியில் சாய்ந்து கையை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தார். முகம் லேசாகி இருந்தது. போன வருஷம் முழுக்க நான் பார்க்காத முகம்.

"முடிஞ்சுது. அனுப்பிட்டேன்" என்றார். "நீ வர்ற மாதிரி இல்ல, நானே போட்டுட்டேன்."

என்னத்தப் போட்டீங்க என்று கேட்டேன். உன் கையெழுத்துதான் என்றார். பேனாவில் எழுதுகிறதெல்லாம் இப்போது இல்லை, ஏதாவது அஞ்சு எண் அடித்தால் அதுதான் கையெழுத்து, அதை நீ அடித்தால் என்ன, நான் அடித்தால் என்ன, ஆத்மி பிறந்த தேதியை வைத்து அடித்துவிட்டேன் என்றார். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும்கூட அப்படித்தானாம், நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். இந்தத் தடவை முறையாகக் கூப்பிட்டுப் போடச் சொல்லலாம் என்று நினைத்தாராம். திரையில் பச்சையாக ஒரு வட்டம், அதற்குள் சரி என்று ஒரு குறி. எங்கள் ரெண்டு பேர் பேரும் அதற்குக் கீழே. அவர் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டு, நல்ல வாசம் வருது, சாப்பாடு ஆச்சா என்று கேட்டார். இன்னும் சோறு வைக்கல என்றேன். சரி, நான் அதுக்குள்ள குளிச்சிட்டு வாரேன் என்று போனார். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அந்தப் பச்சை வட்டத்தை அழிக்க வழி உண்டா என்று கண் தேடியது. இல்லை. இருந்தாலும் அழித்திருக்க மாட்டேன். நான் வந்து நின்றபோது என்ன சொல்ல வந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை. ஏங்க என்றேனே, அந்த ஏங்கவுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. இப்போது அது வாயில் வைத்த கூழாங்கல் மாதிரி இருக்கிறது, துப்பவும் முடியாது.

சமையல்கட்டுக்கு வந்து அரிசியையும் உளுந்தையும் வெந்தயத்தையும் பூண்டையும் குக்கரில் போட்டுத் தண்ணீர் அளந்தேன். அப்போதுதான் வளையல் ஞாபகம் வந்தது. இங்கே வரும்போது அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த வளையல்கள், கல்யாணத்துக்குப் போட்டது இல்லை, அதற்கு முந்தியே என் சம்பளத்தில் சீட்டுப் போட்டு நானே எடுத்தது. அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதை யார் பேரிலும் எழுதவில்லை, அதற்கு எண் கிடையாது. எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போச்சு. அதை அடகு வைக்கச் சொன்னால் போதும், முன்பணம் என்ன, ஊசியும் சேர்த்துக் கட்டலாம். எவரிடமும் கேட்க வேண்டாம். சிரிப்பைப் பார்க்க வேண்டாம். திடீரென்று நெஞ்சு அகலமான மாதிரி இருந்தது, குக்கரை மூடிக்கூட வைக்காமல் போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே என்றும் எடு என்றும் ஒரே சமயத்தில் மனசு சொன்னது. எடுத்தான். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம், ஆட்கள் பேசுகிற சத்தம், அழுகைச் சத்தம் இல்லை. அப்பாக்குப் பரவால்லக்கா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன் என்றான். மத்தியானத்துக்கு மேல் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்களாம், நர்ஸ் போனில் அப்பாவோடு பேசக் கொடுத்தாளாம், அப்பா ரெண்டு வார்த்தை பேசினாராம், கஞ்சியில் உப்பில்லை என்று. நான் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நான் சொன்னேன், தளவாய், பீரோவுல என் வளையல் இருக்குல்லா, திங்கக்கிழம அத எடுத்துட்டுப் போய் வையி, மிச்சம் கட்ட வேண்டியதக் கட்டு. யாரிடமோ நகரு என்றான், தள்ளிப் போனான் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"அத அன்னைக்கே வச்சாச்சுக்கா. இல்லேன்னா உள்ளயே சேத்திருக்க மாட்டாங்க. உன்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னுதான் நெனச்சேன், அதுக்கெல்லாம் எங்க நேரம்."

நல்ல காரியம் செஞ்ச என்றேன். நல்ல காரியம்தான். நான் கொடுக்க நினைத்ததற்கு முந்தியே அது கொடுத்தாகிவிட்டது. என் அப்பா ரெண்டு நாளாக என் வளையலில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேற்று ராத்திரி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன், இன்றைக்குக் காலையில் அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்க மாட்டேன். கோபமாக்கா என்று கேட்டான். கோபமெல்லாம் இல்லலே, அப்பாதான முக்கியம் என்றேன். உண்மை. சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆம் என்று சொல்லியிருப்பேனே, அந்த ஆம் என்ற ஒரு சொல்லாவது எனக்குக் கிடைத்திருக்குமே என்று நினைத்தேன். அத்தான் எப்படி இருக்காங்க என்றான். நல்லாருக்காங்க, வரிக்கணக்கு அனுப்பியாச்சு, பணம் வந்துரும் என்றேன். அப்படியா, ஒங்களுக்கும் வருதா, நல்லது என்றான். போனை வைத்தேன். குளியலறையில் தண்ணீர் நின்றது. குக்கரை மூடி வெயிட்டைப் போட்டேன். எள்ளையும் மிளகாயையும் புளியையும் தேங்காயையும் மிக்சியில் போட்டுச் சுற்றவிட்டேன், அந்தச் சத்தத்தில் யாரும் எதையும் என்னிடம் கேட்க முடியாது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை. ருசி பார்க்காமல் அப்படியே கிண்ணத்தில் வழித்து வைத்தேன்.